ஊசியா, ஸ்டென்டா? மாரடைப்பில் டூட்டி டாக்டர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் இரவு ஒரு இளம் டாக்டர் போன் செய்தார். “சார், ஆன்டீரியர் எம்ஐ. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டேன்.” இதயத்தின் முன்பக்கத்தில் மாரடைப்பு என்கிறார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாயா என்றேன். “இல்ல சார், அங்கே போனா பலூன் பண்ணிடுவாங்களே.” அடைபட்ட ரத்தக்குழாயை பலூனால் திறந்து ஸ்டென்ட் வைப்பதைச் சொல்கிறார். பதினைந்து வருடம் முன்பு நான் சொன்ன அதே பதில். ஆஸ்பிரின் தர மறப்பது, நெஞ்சுவலியை வாயு என்று அனுப்புவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

ஊசி போடாமல் ஏற்றி அனுப்புவது

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைவிட பலூன் மேல் என்பது சரி. ஆனால் ஈசிஜியில் எஸ்டி என்ற கோட்டுப்பகுதி உயர்ந்திருப்பதை (குழாய் முழுதாக அடைபட்டதன் அடையாளம்) பார்த்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் செல்லும் கம்பி அடைப்பைத் தாண்டினால்தான் அந்தக் கணக்கு. முடியாதென்று தெரிந்தால் பத்தே நிமிடத்தில் ஊசி போட வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸ்.

நான் அந்தப் பதிலைச் சொன்ன அன்று தாலுகா மருத்துவமனைக்கு வந்தவர் லாரி ஓட்டுநர், ஐம்பது வயதிருக்கும். வலி தொடங்கி ஒரு மணி நேரம்தான். ஈசிஜியில் இதயத்தின் முன்பக்கத்தைக் காட்டும் வி2 முதல் வி5 வரையான கோடுகளில் எஸ்டி ஏறிக் கிடந்தது. கரைக்கும் ஊசியான ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஃபிரிட்ஜில் இருந்தது. மூளையில் ரத்தம் கசிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்கு. ஊசி போட்டவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகும். படித்திருந்தேன், அந்த நேரத்தில் கை வரவில்லை. இரண்டு மணி நேரப் பயணம். அங்கே மறுபடி ஈசிஜி, பில் கவுன்டர், பலூன் செய்யும் கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து வர வேண்டும். பலூன் போனது ஐந்தாவது மணியில். பிழைத்தார். எக்கோ ஸ்கேனில் இஎஃப் 30, அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 30 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளியது. லாரியை விற்றுவிட்டார்.

2013இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு இதைத்தான் பார்த்தது. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் பலூனுக்கு வழியில்லாதவர்களுக்கு டெனெக்டிபிளேஸ் என்ற கரைக்கும் ஊசி போட்டு, பிறகு ஆஞ்சியோ (குழாய்களைப் படமெடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் திறப்பது) செய்ததில் பலன் நேரடி பலூனுக்கு நிகராகவே இருந்தது. மூளைக் கசிவு சற்றுக் கூடியதால் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆய்வின் நடுவிலேயே டோஸைப் பாதியாக்கினார்கள்.

ஊசியோடு வேலை முடிந்தது என்பது

“வலி போயிடுச்சே சார்” போதாது. 60 முதல் 90 நிமிடத்துக்குள் அடுத்த ஈசிஜி. எஸ்டி பாதியாவது இறங்கவில்லையென்றால் உடனே ஆஞ்சியோ. இறங்கியிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ.

எஸ்டி உயராத மாரடைப்புக்குக் கரைக்கும் ஊசி

கூடவே கூடாது.

நாள் கடந்து வந்தவருக்கும் ஸ்டென்ட்

“காசு இருக்கு டாக்டர், வச்சிடுங்க” என்பார்கள். முழுதாக மூடிப்போன குழாய், வலியும் இல்லை, மூச்சுத்திணறலும் இல்லை என்றால், மூன்று நாளுக்குப் பிறகு திறப்பதால் உயிருக்கு லாபமில்லை என்று 2006இலேயே ஓஏடி ஆய்வு காட்டிவிட்டது. மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுங்கள்.

எண்பது வயதா, மாத்திரை போதும் என்பது

எஸ்டி உயராத மாரடைப்பு வந்த 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை 2024இல் சீனியர்-ரீட்டா ஆய்வு பார்த்தது. ஆஞ்சியோ வழியில் இதயச் சாவு குறையவில்லை; மறு மாரடைப்பு மட்டும் குறைந்தது. அதனால் நான் முதலில் கேட்பது வயதை அல்ல, தாத்தா தானாகக் குளித்துக்கொள்கிறாரா என்பதைத்தான். அப்புறம் சிறுநீரகம் எப்படி என்று சொல்லும் ரத்த அளவு, கிரியாட்டினின்.