ஜாஸ் கேட்கப் பழக ஒரு ஆல்பம்: ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’

ஜாஸ் என்றாலே ‘ஆளாளுக்கு எதையோ வாசிக்கிறார்கள்’ என்று தோன்றுகிறதா? சன்னி ரோலின்ஸின் இந்த ஆல்பத்தில் தொடங்குங்கள். 1956 ஜூன் 22 அன்று நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோவாக்கியிருந்த தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவானது. வாசித்தவர்கள் நான்கே பேர்: ரோலின்ஸ் டெனர் சாக்ஸஃபோன், டாமி ஃபிளனகன் பியானோ, டக் வாட்கின்ஸ் பாஸ் (அடிச்சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியம்), மேக்ஸ் ரோச் டிரம்ஸ். மொத்தம் ஐந்து உருப்படிகள்.

1. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் பாஸ் சரியாகக் கேட்காது.

2. ‘செயின்ட் தாமஸ்’ போடுங்கள். முதலில் டிரம்ஸ் மட்டும், அப்புறம் துள்ளலான ஒரு கலிப்ஸோ மெட்டு, அதாவது கரீபியன் தீவுகளின் பாட்டு வகை. ரோலின்ஸின் குடும்பத்துக்கு அங்குள்ள வர்ஜின் தீவுகள் பூர்வீகம். சிறுவயதில் அம்மா பாடக் கேட்ட மெட்டு இது. உங்கள் வாயில் தானாக முணுமுணுக்க வரும்வரை இந்த இடத்தைத் தாண்ட வேண்டாம்.

3. மெட்டு முடிந்ததும் கவனியுங்கள், ரோலின்ஸ் வெறும் இரண்டு சுரத்தில் ஆரம்பிக்கிறார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அதே இரண்டு. பிறகு அதையே தாளத்தில் முன்னும் பின்னும் தள்ளி, நீட்டி, நடுவே வேறு சுரங்களைச் சேர்த்துப் பார்க்கிறார். வேக வேகமாக ஊதித் தள்ளுவதைவிட இதற்குத்தான் தைரியம் வேண்டும். இது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

4. ரோச்சின் டிரம்ஸ் தனி வாசிப்பு முடிந்து சாக்ஸஃபோன் திரும்பும்போது பாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலிப்ஸோ நடை மாறி, அடிக்கு ஒரு சுரமாக நேராக நடக்கத் தொடங்கியிருக்கும்.

5. இப்போது ‘ப்ளூ செவன்’. வாட்கின்ஸ் தனியாகத் தொடங்குவார். ரோலின்ஸ் நுழைந்ததும் நான்கு நான்கு அடியாக எண்ணுங்கள். பன்னிரண்டு நான்கு வந்தால் ஒரு சுற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸின் சட்டகம் இதுதான். யார் வாசித்தாலும், டிரம்ஸ் மட்டும் ஒலித்தாலும், சுற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை தவறினால் தவறட்டும், பாஸைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். பதினோரு நிமிடத்துக்கு மேல் போகும். இசையறிஞர் குந்தர் ஷூலர் 1958இல் இந்த ஒரு வாசிப்பை வைத்தே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

6. கடைசியாக ‘மோரிடாட்’. ஜெர்மன் இசையமைப்பாளர் கர்ட் வைல் போட்ட நாடகப் பாட்டு. ‘மேக் த நைஃப்’ என்ற பெயரில் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். மற்றவர்கள் வாசிக்கும்போதும் மனதுக்குள் மெட்டைப் பாடிக்கொண்டே இருங்கள். ரோலின்ஸ் மெட்டுக்குத் திரும்பும் நேரத்தில் நீங்களும் முதல் வரியில் இருந்தால் சரி. இல்லையென்றால் ஐந்தாவது படியிலிருந்து மறுபடி.