வேலூர் கோட்டை மியூசியத்துக்குப் போறீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

முதல் தப்பு நாள்லயே நடக்குது. வெள்ளிக்கிழமை கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரரக் கும்பிட்டுட்டு அப்படியே பசங்கள மியூசியத்துக்கும் கூட்டிட்டுப் போயிடலாம்னு நிறைய பேர் கிளம்பி வருவாங்க, ஆனா அரசு அருங்காட்சியகத்துக்கு லீவே வெள்ளிக்கிழமைதான். அப்புறம் கோட்டைக்குள்ள மியூசியம் ரெண்டு இருக்கு, மத்திய தொல்லியல் துறையோடது ஒன்னு, தமிழ்நாடு அரசோடது ஒன்னு. செடி, பாம்பு, பாறை எல்லாம் அரசு மியூசியத்துல, அதனால வேற எதையோ பாத்துட்டு "இங்க ஒன்னுமே இல்லப்பா"ன்னு திரும்பிடாதீங்க.

உள்ள போனா கூட்டம் நிக்கறது இலங்கைல கண்டிய ஆண்ட ராஜா விக்கிரம ராஜசிங்கனோட யானைத் தந்த செஸ் போர்டு கிட்டதான். பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா விலங்கு, தாவரப் பக்கம் வந்ததும் செல்ஃபி எடுத்துட்டு ஓடிடறாங்களே, அதான் கடுப்பு.

பாட்டில்ல இருக்கற பாம்போட நிறத்த நம்பாதீங்க. ஃபார்மலின்லயோ ஸ்பிரிட்லயோ வருஷக்கணக்கா கெடந்தா நிறம் வெளுத்துப் போயிடும், தலை வடிவம், செதில் வரிசை இதுதான் மாறாம இருக்கும். இத வச்சுக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி வர்ற பாம்ப விஷமில்லாததுன்னு முடிவு பண்றதெல்லாம் வேண்டவே வேண்டாம். பாடம் பண்ணி வச்சிருக்கற விலங்குகள் எந்த மியூசியத்துல இருந்தாலும் பசங்களத் தொட விடாதீங்க, பழைய காலத்துல பூச்சி அரிக்காம இருக்க ஆர்சனிக் தடவுவாங்க.

பெரிய தப்பு லேபிள் படிக்காதது. பேர மட்டும் பாத்தா பத்தாது, எங்க எடுத்தது, எந்த வருஷம்னு பாக்கணும், இல்லன்னா அது வெறும் காஞ்ச இலைதான். அதுலயும் "வட ஆற்காடு"ன்னு போட்டிருந்தா உடனே நம்ம வேலூர்னு நெனச்சுடாதீங்க. 1911க்கு முன்னாடி சித்தூர், திருப்பதி எல்லாம் வட ஆற்காடு மாவட்டம்தான், அப்போ எடுத்த செம்மரத் துண்டு ஒன்னு திருப்பதி மலைல இருந்து வந்திருக்கலாம். 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சுது, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது, அதனால ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர்ல எடுத்ததுன்னா இன்னிக்கு அது திருவண்ணாமலை மாவட்டம், ஏலகிரின்னா திருப்பத்தூர். வருஷத்தையும் ஊரையும் சேத்துப் படிச்சாதான் அந்தச் செடி எந்த மலையோடதுன்னு புடிபடும்.

போட்டோ எடுக்க விட்டாங்கன்னா ஃபிளாஷ ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்சம் சாய்வா நின்னு எடுங்க, நேரா எடுத்தா கண்ணாடில உங்க மூஞ்சிதான் தெரியும். லேபிளயும் தனியா ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.