'சாருலதா'வைப் பொருள்களின் வழியே பார்க்கும் முறை

தன் மனத்தில் உள்ளதை வாய்திறந்து சொல்லாத ஒரு கதாபாத்திரத்தைத் திரையில் புரிந்துகொள்ளப் பழக வேண்டுமென்றால், சத்யஜித் ராய் 1964-இல் இயக்கிய 'சாருலதா'வைவிடப் பொருத்தமான படம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ரவீந்திரநாத் தாகூரின் குறுநாவலை அடிப்படையாகக் கொண்ட இந்தப் படம் 1879-ஆம் ஆண்டின் கல்கத்தாவில் தொடங்குகிறது. பத்திரிகை நடத்தும் பூபதியின் மனைவி சாரு, பெரிய வீடொன்றில் பகல் முழுவதும் தனியாக இருக்கிறாள். கணவனின் உறவுத் தம்பி அமல் வந்த பிறகு அவளுக்குள் ஏற்படும் மாற்றங்களில் பெரும்பகுதி வசனமாக வெளிப்படுவதே இல்லை.

முதல் முறை எந்தக் குறிப்பும் எடுக்காமல் முழுப் படத்தையும் பாருங்கள். கதை தெரியாத நிலையில் குறியீடு தேடத் தொடங்கினால், கண்ணில் படும் ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒன்றைக் குறிப்பதாகவே தோன்றும். இரண்டாம் முறை தொடக்கப் பகுதியை மட்டும், ஒருதரம் ஒலியோடும் மறுதரம் ஒலியை நிறுத்தியும் பார்க்க வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி "இந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம்?" என்பதல்ல. பொருள் யார் கையில் இருக்கிறது, அதைக்கொண்டு அவர் என்ன செய்கிறார், அந்த நேரத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் எழுதிக்கொண்டாலே போதும்.

அந்தத் தொடக்கத்தை அருகிலிருந்து கவனிப்போம். சாருவின் கைகள் ஒரு கைக்குட்டையில் 'பி' (B) என்ற ஆங்கில எழுத்தைப் பூத்தையலாக இழைக்கின்றன. அது கணவனின் பெயரின் முதல் எழுத்து. கடிகாரம் மணி அடிக்கிறது. அவர் வேலை செய்யும் இடத்துக்குத் தேநீர் அனுப்பச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். தெருவில் குரங்காட்டியின் உடுக்கைச் சத்தம் கேட்டதும், கைப்பிடி வைத்த சிறிய பைனாகுலரை எடுத்து வந்து, சாய்ந்த மரப்பட்டிகள் வைத்த ஜன்னல் கதவுகளைத் திறந்து, தெருவில் போகிறவர்களை ஜன்னல் ஜன்னலாகப் பின்தொடர்ந்து பார்க்கிறாள். பிறகு பூபதி ஒரு புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கவனிக்காமலே கடந்துபோகிறார். நடந்து செல்லும் கணவனை அவள் அதே பைனாகுலரை உயர்த்திப் பார்க்கிறாள். அது கீழே இறங்கும் கணத்தில் கேமரா சட்டென்று பின்வாங்குகிறது.

தொலைவில் உள்ளதைக் கிட்டே கொண்டுவரும் கருவியைச் சில அடி தூரத்தில் இருக்கும் கணவனைப் பார்க்க ஒரு பெண் பயன்படுத்துகிறாள் என்ற ஒரே செயல், அந்தத் திருமணத்தைப் பற்றிய பல பக்க வசனங்களுக்கு ஈடாகிறது. பைனாகுலருக்குத் தனியே எந்த அர்த்தமும் கிடையாது. தெருவைப் பார்த்த பிறகு கணவனைப் பார்த்ததால்தான் அது அர்த்தம் பெற்றது. ஆகவே, குறிப்பேட்டில் பொருள்களின் பட்டியலை எழுதாமல், அவை வரும் வரிசையை எழுதுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு அது மீண்டும் வரும் இடத்துக்குச் செல்லுங்கள். தோட்டத்தில் அமல் பாய் விரித்து எழுதிக்கொண்டிருக்க, சாரு ஊஞ்சலில் ஆடுகிறாள். கேமரா அவளோடு சேர்ந்தே ஆடுவதால் அவள் முகம் நிலையாக இருக்க, பின்னால் உலகம் அசைகிறது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் மிக அழகான ஷாட்டுகளில் இதுவும் ஒன்று. பிறகு அவள் பைனாகுலரை எடுத்து அக்கம்பக்கத்தில் குழந்தையோடு இருக்கும் ஒரு தாயைப் பார்க்கிறாள், அங்கிருந்து அதை அமல் மீது திருப்புகிறாள். பிள்ளை இல்லாத சாரு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, தனக்குள் என்ன நடக்கிறது என்பது அவளுக்கே புரியத் தொடங்குகிறது. இந்தக் காட்சியைத் தொடக்கக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, பார்க்கப்படுபவர் யார், பார்த்து முடித்ததும் சாருவின் முகம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடுங்கள்.

ஜன்னல் கதவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மரப்பட்டிகளைக் கண்டதும் "கூண்டு" என்று எழுதிவிட்டு நகர்வது எளிது, ஆனால் அது படத்துக்கு நியாயம் செய்யாது. அவற்றைத் திறப்பது சாருவின் கைதான். துண்டு துண்டாகத் தெரியும் தெருவிலிருந்து தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதும் அவள்தான். அடைபட்டவள் என்பதைவிடக் கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவள் என்ற பொருளே அங்கே வலுவாக இருக்கிறது. அமல் வரும்போது வீசும் புயல் எல்லோருக்கும் புரியக்கூடியது. அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக, அவள் எழுதும் காட்சியில் நின்று நிதானியுங்கள். தன் கிராமத்தைப் பற்றி எழுத முனையும்போது அவள் முகத்தின் குளோஸ்-அப் மீது நினைவுக் காட்சிகள் படிகின்றன. அங்கே பைனாகுலர் இல்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் உள்ளே திரும்பிவிட்டன. ஒரு குறியீட்டைப் பின்தொடர்பவர், அது வராமல் போகும் இடத்தையும் குறித்துக்கொள்வது அவசியம்.

முடிவில் ராய் அசைவையே நிறுத்திவிடுகிறார். உண்மை தெரிந்து திரும்பிவரும் பூபதியை நோக்கி சாரு கையை நீட்டுகிறாள். அவரும் தயங்கித் தயங்கிக் கையை நீட்ட, இரண்டு கைகளும் சேர்வதற்கு முன்பே படம் உறைகிறது. உறைந்த படங்கள் சில அடுத்தடுத்து வருகின்றன, விளக்கேந்திய வேலைக்காரரும் அவற்றில் ஒருவர். பிறகு 'சிதைந்த கூடு' என்று பொருள்படும் தாகூரின் தலைப்பு வங்க எழுத்தில் தோன்றுகிறது. கைகள் சேருமா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். யார் முதலில் நீட்டினார், யார் தயங்கினார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

எழுதி முடித்த விளக்கம் ஒவ்வொன்றையும் இப்படிச் சோதிக்கலாம்: அந்தப் பொருளைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, அதே வசனங்களோடு காட்சியைக் கற்பனை செய்யுங்கள். சாருவைப் பற்றி நமக்குத் தெரிவது குறைந்தால் உங்கள் விளக்கம் நிற்கும். எதுவும் குறையவில்லை என்றால், அது படத்தில் இல்லாமல் நீங்கள் ஏற்றிவைத்த அர்த்தம். அந்த வரியை அடித்துவிட்டு, காட்சியை மறுபடி பாருங்கள்.