'திங்க் அண்ட் குரோ ரிச்' நூலைப் பயன்படும்படி வாசிப்பது எப்படி?

செல்வம் சேர்க்கும் வழிகளைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் நெப்போலியன் ஹில் எழுதிய 'திங்க் அண்ட் குரோ ரிச்' 1937-ஆம் ஆண்டு, பெரும் பொருளாதாரச் சரிவான பெருமந்தத்திலிருந்து அமெரிக்கா முழுமையாக மீண்டிராத காலத்தில் வெளிவந்தது. வேலையையும் சேமிப்பையும் இழந்து நின்ற மக்களிடையே வெளிவந்த நூல் என்பதால், அதன் குரல் அடிக்கடி உரத்து ஒலிக்கும். அந்தக் குரலில் மயங்கி ஒரே மூச்சில் வாசித்து முடிப்பவருக்குச் சில நாள் உற்சாகம் மட்டுமே மிஞ்சும். நூல் 13 கோட்பாடுகளை விளக்குகிறது. குறிப்பேடு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு கோட்பாடு என மூன்று மாதங்களில் முடிப்பது நல்லது. சந்தையில் சுருக்கப் பதிப்புகளும் கிடைக்கின்றன என்பதால், 1937-ஆம் ஆண்டின் முழு வடிவத்தைக் கொண்ட பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.

வேட்கை பற்றிய அத்தியாயத்தில் ஹில் கூறும் ஆறு படிகளே இந்நூலின் செயல்முறைப் பகுதி. வேண்டிய தொகையைத் துல்லியமாகக் குறிப்பது, அதற்கு ஈடாக எதைத் தரப்போகிறோம் என்று தீர்மானிப்பது, தொகை கைக்கு வரவேண்டிய நாளை நிர்ணயிப்பது, திட்டம் வகுத்து உடனே தொடங்குவது, இவை அனைத்தையும் எழுத்தில் வடிப்பது, எழுதியதை இரவு உறங்கும் முன்பும் காலை எழுந்ததும் உரக்க வாசிப்பது என்பவை அவை. பெரும்பாலோர் தொகையையும் தேதியையும் எழுதிவிட்டு நேரே உரக்க வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது படி வெற்றிடமாகவே இருக்கும். என் பார்வையில், நூலின் பயன் முழுவதும் அந்தப் படியில்தான் அடங்கியுள்ளது.

எடுத்துக்காட்டாக, கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் ஐந்து ஆண்டுகளில் 20 லட்சம் ரூபாய் சேர்க்க விரும்புகிறார் என்று கொள்வோம். வட்டியைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மாதந்தோறும் சுமார் 33,000 ரூபாய் மிச்சமாக வேண்டும். சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கை முடித்துக்கொடுத்துக் கடைக்கு மாதம் 1,500 ரூபாய் வாங்குவாரென்றால், சேமிப்புக்கு மட்டுமே 23 கடைகள் தேவை. குடும்பச் செலவையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் போட்ட பின்னர், அத்தனை கடைகளின் வேலையைத் தம்மால் செய்ய இயலுமா, உதவிக்கு ஆள் வேண்டுமா, கட்டணத்தை உயர்த்தத் தக்க வேறு திறமையைக் கற்க வேண்டுமா என்ற கேள்விகள் தாமாகவே எழும். அந்தக் கேள்விகளுக்கான விடைகளே நான்காவது படியில் எழுதவேண்டிய திட்டம்.

நூலில் வரும் கதைகளையும் இதே கண்ணோடு வாசிக்க வேண்டும். எடிசனின் கூட்டாளியாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்த எட்வின் பார்ன்ஸின் கதையை எண்ணத்தின் ஆற்றலுக்குச் சான்றாக ஹில் முன்வைக்கிறார். ஆனால் குறைந்த ஊதியத்தில் அங்கே காத்திருந்த பார்ன்ஸுக்கு வழி திறந்தது, மற்ற விற்பனையாளர்கள் விலைபோகாது என்று ஒதுக்கிய எடிசனின் சொல்பதிவு இயந்திரத்தை அவர் விற்றுக்காட்டிய பிறகுதான். கொலராடோவில் தங்கப் படிவம் திடீரென மறைந்ததும் சுரங்கத்தைக் கைவிட்டுச் சென்ற டார்பியின் கதை விடாமுயற்சிக்குப் பாடமாகப் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தச் சுரங்கத்தின் இயந்திரங்களை வாங்கிய பழைய இரும்பு வணிகரோ, முதலில் ஒரு சுரங்கப் பொறியாளரை அழைத்துக் கணக்கிடச் செய்தார். டார்பி குடும்பத்தினர் நிறுத்திய இடத்திலிருந்து மூன்று அடி தொலைவில் தங்கம் கிடைத்தது. வல்லுநரைக் கேட்டதே காரணம் என்று ஹில்லும் சொல்லத்தான் செய்கிறார், ஆனால் வாசகர்கள் அந்த வரியைக் கடந்துவிடுகிறார்கள். சிறப்பறிவு, ஒருங்கமைந்த திட்டமிடல், ஒத்த நோக்கமுடையோர் கூடிச் சிந்திக்கும் 'மாஸ்டர் மைண்ட்' ஆகிய அத்தியாயங்களை இருமுறை வாசிக்கச் சொல்வது இதனால்தான்.

ஐயத்தோடு அணுகவேண்டிய பகுதிகளும் உண்டு. உருக்கு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1908-இல் தம்மைச் சந்தித்து, வெற்றியாளர்களை ஆராயும் பணியை ஒப்படைத்ததாக ஹில் கூறுகிறார். அவருடைய சொல்லைத் தவிர அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. மூளைகளுக்கிடையே எண்ண அலைகள் பாய்வதாகவும், மறைந்த மேதைகளோடு கற்பனையில் ஆலோசனைக் கூட்டம் நடத்தியதாகவும் கூறும் இடங்களை அக்காலத்து நம்பிக்கைகளின் பதிவாகக் கருதி விரைவாகக் கடந்துவிடலாம். மேலும், இதே வேட்கையோடு முயன்றும் தோற்றவர்களின் கதைகள் வெற்றிக்கதைகளின் அளவுக்கு நூலில் இடம்பெறவில்லை; ஆகவே நூலை நம்பிக் கடன் வாங்கி முதலீடு செய்வது விவேகமாகாது. வரவில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை ஒழுங்காகச் சேமிக்கும் பழக்கத்தை ஹில்லே வலியுறுத்துகிறார். தோல்விக்கான காரணங்களைப் பட்டியலிடும் பக்கங்களில் வரும் இந்த அறிவுரையை இன்றே தொடங்க எந்த மனப்பயிற்சியும் தேவையில்லை.

திட்டமிடல் அத்தியாயத்தின் இறுதியை ஒட்டி, ஆண்டுக்கொருமுறை தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்வதற்கான வினாப்பட்டியல் ஒன்று உள்ளது. எழுதிவைத்த இலக்கை எட்டினேனா, வேலையின் தரம் உயர்ந்ததா, செலவில் கட்டுப்பாடு இருந்ததா என்பன போன்ற அவ்வினாக்களுக்கு நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் விடை எழுதலாம். வரவுசெலவு விவரங்கள் கையில் இருக்கும் காலம் அது. எழுதிய விடைகளை, உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள இடந்தராத ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்குமாறு ஹில் கூறுகிறார். வாழ்க்கைத் துணையோ, தொழிலை அறிந்த மூத்தவர் ஒருவரோ அதற்குப் பொருத்தமானவர்.