கின்னெவிக்கை வைத்து ஒரு முதலீட்டுக் குழுமத்தைப் படிப்பது எப்படி

பல கம்பெனிகளில் பங்கு வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு முதலீட்டுக் குழுமத்தைப் புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வந்து விழுவது கம்பெனிப் பெயர்களின் நீளமான பட்டியல்தான். பாதிக்கு மேல் வாயில் நுழையாத பெயர்கள். அதைப் பார்த்து மிரண்டு மூடிவைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஸ்வீடனின் கின்னெவிக். இரும்பும் காடும் வைத்திருந்த ஒரு குழுமம் எப்படி டிவிக்கும் செல்போனுக்கும் தாவியது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கேஸ் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகளாகக் கோடு போடுங்கள்: ஆண்டு, வாங்கியது, விற்றது, பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் வாங்கியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கதையே மற்ற இரண்டில்தான் இருக்கிறது.

முதல் வரி 1936. ராபர்ட் வான் ஹோர்ன், வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர், ஹூகோ ஸ்டென்பெக் என்ற மூன்று பேர் சேர்ந்து தொடங்கியது. வேனர்ன் ஏரியின் ஒரு விரிகுடாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு சாண்ட்விக், ஃபாகெர்ஸ்டா என்று எஃகு, கோர்ஸ்நேஸ் என்று காடும் காகிதமும், கொஞ்சம் விவசாய நிலம். இதை வேகமாக நிரப்பிவிட்டு நகருங்கள், இங்கே நேரம் செலவழிப்பது வீண்.

நிற்கவேண்டிய இடம் 1970களின் கடைசி. 1976ல் ஸ்டென்பெக்கின் மூத்த மகன் இறக்கிறார், மறு ஆண்டே அப்பாவும். நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டி யான் ஸ்டென்பெக் திரும்பி வந்து, குழுமம் யார் கையில் என்று அக்கா மார்கரெத்தா ஆஃப் உக்லாஸுடன் மோதி, கடைசியில் கட்டுப்பாட்டைத் தன் பக்கம் கொண்டுவந்தார் (அந்த அக்கா பிற்பாடு 1991ல் ஸ்வீடனின் வெளியுறவு அமைச்சரானார்). குடும்பச் சண்டைதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். எந்தக் குழுமமானாலும் ஆண்டறிக்கையில் உரிமையாளர்கள் பக்கத்தைத் திறந்து இரண்டு சதவீதங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: மூலதனத்தில் எவ்வளவு, ஓட்டில் எவ்வளவு. கின்னெவிக்கில் ஏ வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு, பி வகைக்கு ஒன்று. பணத்தில் சிறுபான்மையாக இருப்பவர் முடிவில் பெரும்பான்மையாக இருக்கலாம், லாபமே வராத தொழிலில் பத்து வருஷம் பிடிவாதமாகப் பணம் போடவும் அவரால் முடியும். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இனி நான் சொல்லப்போவது எதுவும் நடந்திருக்காது.

இப்போது ‘விற்றது’ பத்திக்கு வாருங்கள். 1980களில் சாண்ட்விக் பங்குகள் போயின. குழுமத்தின் மணிமகுடம் மாதிரி இருந்த சொத்து அது. ஒருவர் நல்ல சொத்தை விற்கிறார் என்றால் அந்தக் காசு எங்கே போகிறது என்று துரத்துங்கள். இங்கே அது செல்போனுக்கும் செயற்கைக்கோள் டிவிக்கும் போனது, இரண்டுமே அன்றைக்கு ஸ்வீடனில் அரசின் பிடியில் இருந்தவை.

அடுத்த பாடம் பூட்டிய கதவுகளைத் தேடுவது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த ஆண்டில் எந்தச் சட்டம் எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். 1981ல் காம்விக் செல்போன் சேவை தொடங்கியபோது அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிவெர்கெட்தான் போட்டியாளர், இணைப்பு கொடுப்பதா வேண்டாமா என்பதில் நடுவர் மாதிரி அதிகாரமும் அதற்கே. ஆடுகிறவனே அம்பயர். அந்தப் பழைய அனலாக் சேவை பெரிதாக வளரவே இல்லை, ஆனால் ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் செல்போன் முறையின் காலம் வந்தபோது களத்தில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் 1992ல் காம்விக் ஜிஎஸ்எம் எழுந்துவந்தது. மறு ஆண்டு டெலி2 என்ற பெயரில் தொலைபேசி அழைப்புகள்.

டிவி விஷயம் இன்னும் சுவாரசியம். அப்போது ஸ்வீடனில் டிவி விளம்பரத்துக்குத் தடை. சரி, ஸ்வீடனிலிருந்து ஒளிபரப்பினால்தானே தடை? 1987 டிசம்பர் 31 அன்று டிவி3 லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றுக்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. தடை போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. அப்புறம் அரசே கொடுத்த உரிமத்தோடு 1992ல் டிவி4 விளம்பரங்களுடன் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியபோது கின்னெவிக் அதிலும் பங்கு வைத்திருந்தது. பணத்தை அரசியல் வெல்லும், அரசியலைத் தொழில்நுட்பம் வெல்லும் என்று யான் ஸ்டென்பெக் சொன்னதாக ஸ்வீடனில் அடிக்கடி சொல்வார்கள். டிவி3 அதற்கு நேரடி விளக்கம்.

கதவைக் கண்டுபிடித்ததும் சங்கிலியைத் தேடுங்கள். ஒரு கம்பெனி இன்னொன்றுக்கு என்ன கொடுக்கிறது? டிவி3க்குப் பார்வையாளர் வேண்டும், அதற்குக் கேபிளும் டிஷ்ஷும் வேண்டும், ஆகவே கேபிள் கம்பெனி, டிஷ் சந்தா விற்கும் வியாசாட், நிகழ்ச்சி தயாரிக்கும் ஸ்ட்ரிக்ஸ் எல்லாம் ஒரே குடைக்குள். 1995 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் வந்த மெட்ரோ நாளிதழையும் இப்படிப் பாருங்கள். பேப்பர் இலவசம், வருமானம் முழுக்க விளம்பரம், உண்மையான சொத்து சுரங்க ரயில் நிலையங்களில் பேப்பர் வைக்கக் கிடைத்த இடம். கையில் எடுக்க வேறொன்றும் இல்லாத பயணிதான் சரக்கு (செல்போன் வந்து அந்தப் பயணியையும் பிடுங்கிக்கொண்டது, அது வேறு கதை). ஸ்வீடன் பதிப்பை கின்னெவிக் 2017ல் விற்றது, 2019ல் அச்சு நின்றது.

வெளிநாட்டுப் பக்கத்துக்கு ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும்: குழுமத்தின் செல்போன் கம்பெனியான மில்லிகாம். பிரிட்டனில் ரேகால் என்ற மின்னணுக் கம்பெனியோடு சேர்ந்து வோடஃபோனின் தொடக்கத்தில் சிறு பங்காளியாக இருந்ததும் இதுதான், பிறகு பணக்கார நாடுகளை விட்டு மற்றவர்கள் தயங்கிய நாடுகளுக்குப் போனதும் இதுதான். தெற்காசியாவின் முதல் செல்போன் சேவை 1989ல் இலங்கையில் செல்டெல் என்ற பெயரில் வந்ததே, அது மில்லிகாமுடையது. 2007ல் அதுவே டிகோ ஆனது, 2009ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் தொலைத்தொடர்புக் கம்பெனியான எடிசலாட்டுக்கு விற்கப்பட்டது. கொழும்பில் டிகோ சிம் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் ரீசார்ஜ் காசு ஸ்டாக்ஹோம் வரை போகிற கதை தெரிந்திருக்காது.

இனி நான்காவது பத்தி. நான் முதல்முறை சறுக்கியது இங்கேதான், நீங்களாவது தப்பியுங்கள். பங்கு விலை வரைபடத்தைப் பார்த்து, ஐயோ சரிந்துவிட்டதே என்று நினைத்தேன். சரியவில்லை, பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்த கம்பெனிக்கு இவர்கள் தனிக்குடித்தனம் வைத்துவிடுவார்கள்: 1996ல் தொலைத்தொடர்புத் தொழில்களைச் சேர்த்து நெட்காம் (2001 முதல் அதன் பெயரும் டெலி2), 1997ல் டிவி தொழில்களைச் சேர்த்து எம்டிஜி. அதோடு உறவு அறுந்துவிடாது, குழுமமும் பங்கு வைத்திருக்கும். பிறகு 2018ல் தன்னிடமிருந்த எம்டிஜி பங்குகள், 2019ல் மில்லிகாம், 2021ல் ஜெர்மனியின் ஆன்லைன் துணிக்கடை சலாண்டோ என்று ஒவ்வொன்றாகப் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. 100 ரூபாய் பங்கிலிருந்து 30 ரூபாய் மதிப்புள்ளதைப் பிரித்து உங்கள் கையில் கொடுத்தால் மிச்சப் பங்கு 70க்குத்தானே விலைபோகும்? ஆகவே வரைபடத்தைப் பார்க்கும் முன் பிரித்துக் கொடுத்ததையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

கணக்கு கஷ்டமில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் பங்குக்குச் சந்தை விலை, பட்டியலிடாதவற்றுக்குக் குழுமமே சொல்லும் மதிப்பு, கையிருப்புப் பணம், எல்லாவற்றையும் கூட்டிக் கடனைக் கழித்து மொத்தப் பங்குகளால் வகுத்தால் நிகரச் சொத்து மதிப்பு. பங்கு விலை அதைவிடக் குறைவாக இருந்தால் ‘தள்ளுபடியில் கிடைக்கிறது’ என்பார்கள். உடனே வாங்க ஓடாதீர்கள். பட்டியலிடாத கம்பெனிகள் அதிகமாக இருக்கும் குழுமத்தில் அந்த மதிப்பே குழுமம் தானே போட்டுக்கொண்ட மார்க். சந்தை அதை நம்பவில்லை என்பதுதான் பல நேரம் அந்தத் தள்ளுபடிக்கு அர்த்தம்.

2002 ஆகஸ்டில் யான் ஸ்டென்பெக் பாரிஸில் மாரடைப்பில் இறந்தார், மகள் கிறிஸ்டினா பொறுப்புக்கு வந்து 2007ல் தலைவரானார். அதற்குப் பிறகான வரிகளில் சலாண்டோ மாதிரி இணையக் கம்பெனிகள் வரத்தொடங்கும், 2012ல் கோர்ஸ்நேஸ் இன்னொரு காகிதக் கம்பெனியான பில்லெருடோடு இணைந்து கையைவிட்டுப் போகும். 2024ல் டெலி2 பங்கை ஃபிரான்ஸின் தொலைத்தொடர்புக் கம்பெனியான இலியாட் தரப்புக்கு விற்றதாக எழுதுங்கள். அந்த வரியோடு உங்கள் தாளில் டிவியும் போனும் முடிந்துவிடும். கீழே பென்சிலால், கின்னெவிக் பிற்பாடு பணம் போட்ட புதுக் கம்பெனிகளான ஸ்பிரிங் ஹெல்த், பிளியோ, டிராவல்பெர்க் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவையுங்கள்.