குறைந்த உயரத்திலிருந்து விழும் ஓடையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறை

டர்பைன் (நீரின் விசையால் சுழலும் இயந்திரம்) வாங்குவதற்கு முன், ஓடையில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் பருவத்தில் அதை அளந்துவிட வேண்டும். மழைக்காலத்து வெள்ளத்தை நம்பிப் பெரிய இயந்திரத்தை வாங்குவோரே பிறகு ஏமாந்து நிற்கிறார்கள். ஓடை ஒரே சீராக ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். அகலம் 1 மீட்டர், சராசரி ஆழம் 25 செ.மீ., கடக்கும் நேரம் 25 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். கல் நிறைந்த அடிப்பகுதியில் நீர் மெதுவாகவே நகரும் என்பதால் அந்த வேகத்தை 0.7 ஆலும், பிறகு அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால், நீரோட்டம் விநாடிக்கு 70 லிட்டர் என்று கிடைக்கும். மீன்களுக்கும் கீழே இருப்பவர்களுக்குமாக 20 லிட்டரை ஓடையிலேயே விட்டுவிடுவதாகக் கொள்வோம்.

நீர் விழும் உயரத்தை, தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டு படிப்படியாக அளக்கலாம். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் மட்டம் பொய் சொல்லும். உயரம் 2 மீட்டர் என்றால், 50 லிட்டரை 2 ஆலும் 9.81 ஆலும் பெருக்க 981 வாட் வரும். டர்பைன், ஜெனரேட்டர் இழப்புகள் போகப் பாதியளவே கைக்கு வரும் என்று திட்டமிடுவது நல்லது. சுமார் 490 வாட்தானா என்று தோன்றலாம்; ஆனால் இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 12 யூனிட்டை நெருங்கும்.

இவ்வளவு குறைந்த உயரத்துக்கு கப்பல் விசிறி போன்ற சக்கரம் கொண்ட புரொப்பெல்லர் டர்பைனோ, நீர் மேலிருந்து இறங்கிச் சுழற்றும் பெரிய திருகாணி போன்ற ஆர்க்கிமிடீஸ் திருகோ பொருந்தும். அதிவேகத் தாரையால் சுழலும் பெல்டன் சக்கரம் பொருந்தாது. புரொப்பெல்லர் வகையில், கீழ்நோக்கி விரியும் வெளியேற்றுக் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். காற்று புகுந்தால் அதன் உறிஞ்சுவிசை போய்விடும்.

இங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் காசு. நீர் உள்ளே நுழையும் முகப்பிலுள்ள கம்பித் தடுப்பில் இலைகள் அடைத்து நீர்மட்டம் 20 செ.மீ. இறங்கினால் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு போனது. ஆகவே தடுப்பைச் சாய்வாக வைத்து, வாரியால் இலைகளை எளிதில் வழித்தெடுக்க இடம் விடுங்கள். அதன்பின் மணல் படிய ஒரு தொட்டி தேவை.

வீட்டில் விளக்குகளை அணைத்ததும் சுமையிழந்த டர்பைன் இயல்பைவிட இருமடங்கு வேகத்துக்கும் மேல் ஓடக்கூடும். அதனால், மிஞ்சும் மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பும் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திச் சோதித்த பிறகே மதகைத் திறக்க வேண்டும்.