படிமமா, குறியீடா? கவிதை வாசிப்போருக்கு ஒரு பென்சில் பயிற்சி

நவீன கவிதையில் படிமம் (புலன்களால் உணரவைக்கும் சொற்சித்திரம்) எது, குறியீடு (தன்னைத் தாண்டி வேறொன்றையும் சுட்டும் பொருள்) எது என்று உயர்தர வகுப்பு மாணவர்கள் தடுமாறும்போது, வரையறைகளை மனனம் செய்வதை விட்டுவிட்டுக் கையில் ஒரு பென்சிலுடன் வாசிக்குமாறு சொல்வேன். முதல் வாசிப்பில் கண்ணால் காணவும் கையால் தொடவும் கூடியவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றின் உட்பொருளை அப்போதே தேட வேண்டாம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நெற்றியில் கூடைக் கயிறு பதித்த தடத்தை ஒரு கவிதை காட்டினால், அது படிமம். அந்த அழுத்தத்தை நாம் உணர்ந்தால் போதும். அதே கயிறு அடுத்த பகுதியில் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வீட்டுத் தொட்டிலிலும் இறுதியில் பாடையிலும் கட்டப்பட்டு வருமானால், அது தலைமுறைகளைப் பிணைக்கும் ஒன்றாகக் கனம் பெற்றுக் குறியீடாகிவிடுகிறது. ஆகவே, திரும்பி வரும் சொல்லை வட்டமிட்டு, ஒவ்வொரு முறையும் அதன் அருகில் நிற்பது எது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படிமம் படிமமாகவே நிற்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1913இல் வெளியிட்ட, பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றிய கவிதை 30 வரிகளிலிருந்து இரண்டே வரிகளாகச் சுருங்கியது. கூட்டத்து முகங்களையும் ஈரக் கருங்கிளை மீதுள்ள இதழ்களையும் அருகருகே வைத்தாரே தவிர, 'போல' என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை.

பனிமூட்டம் என்றாலே துயரம் என்று விடைத்தாளில் எழுதிவிடும் அவசரம் என்னை மிகவும் வருத்துகிறது. நுவரெலியாவில் அது வெறும் காலைக் குளிராகவும் இருக்கலாம். மற்ற வரிகள் சான்று தராதவரை அதைப் பனியாகவே விட்டுவிடுங்கள்.